மஞ்சள் வயர்

“நம்மட ஆக்களுக்கு நீல வயரு, அவங்களுக்கு மஞ்சள் வயரு. அதுதான் அந்த அறையில படம் பறக்குது. இஞ்ச ஒரு முகம் வாறதுக்குள்ள உசிர் போகுது!”

ஆதம்பாவா கத்தினார்.

கடல் வந்துபோய் இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கல்முனைக்குடியில் அவருடைய வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. மகள் ஹஸ்மியாவைக் காணவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் இருக்கும் பிள்ளைகளின் படங்களை, நிவாரண நிலையத்துக் கம்பியூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த அறையில் முஸ்லிம் ஆட்கள், அடுத்த அறையில் தமிழ் ஆட்கள். கதவு சாத்தியிருந்தது.

“அப்படி இல்ல காக்கா,” என்றான் மர்சூக். வயரெல்லாம் இழுத்து இணைப்புக் கொடுத்தவன் அவன்தான். “ரெண்டு வயரையும் சேர்த்து ஒரே பாதையாக்கி வெச்சிருக்கன். ரெண்டு அறைக்கும் ரெண்டும் ஓடும். ஒண்டு அறுந்தாலும் மற்றது இழுக்கும்.”

“ஓம் ஓம். முகாமுக்கு வந்த பருப்பையும் இப்படித்தான் சமனாப் பிரிச்சீங்க!”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆதம்பாவா எழுந்தார். யாரும் தடுக்குமுன், வயர்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியிலிருந்து மஞ்சள் வயரைப் பிடுங்கினார்.

“இப்ப பார்க்கட்டும் அவங்க!”

அவருடைய திரையில்தான் படம் நின்றது. ஒரு பிள்ளையின் நெற்றி, இரண்டு கண்கள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“டேய் மர்சூக்... இது ஹஸ்மியாட கண்ணு மாதிரிடா...”

“பாதையில பாதியக் கழட்டிட்டீங்க காக்கா. மிச்சத்தில ரெண்டு அறையும் ஓடணும். பொறுங்க.”

மெல்ல மூக்கு வந்தது. வாய் வந்தது.

வேறு யாரோ பெற்ற பிள்ளை.

அடுத்த அறையில் மௌஸ் தட்டும் சத்தம் நிற்கவேயில்லை.

“கேட்டியா? அவங்களுக்கு நிக்கல்ல! நம்மள விட அவசரமா யாரைத் தேடுறாங்க அங்க?”

கதவை நோக்கிப் பாய்ந்தார். மர்சூக் அவரைக் கட்டிப் பிடித்தான்.

“அல்லாஹ்வுக்காக உள்ள போகாதீங்க காக்கா!”

கதவு உள்ளேயிருந்து திறந்தது. பாண்டிருப்புச் செல்லத்தங்கம், உள்ளே இருந்த திரை தெரியாதபடி வாசலை மறைத்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஹஸ்மியாவின் பள்ளிக்கூடப் படம். காலையில் ஆதம்பாவா மர்சூக்கிடம் கொடுத்தது.

“செத்த புள்ளையள்ர படம் முழுக்க உங்களுக்காகப் பார்த்து முடிச்சிட்டம், காக்கா. உங்கட மகள் அதுக்குள்ள இல்ல.”