எட்டரை மணிச் சிரிப்பு

"நான் சொல்றத முழுசாக் கேளுங்க, இந்த டிவிப் பெட்டி இருக்கே..."

"பெட்டி உன்ன என்னட்டி செஞ்சது? அது பாட்டுக்கு..."

"அது பாட்டுக்கா கெடக்கு? எட்டரை மணியானா போதும், காமெடிங்கிற பேருல வாயத் தொறந்தா ரெட்டை அர்த்தம். பொம்பள இடுப்பக் காட்டி ஒரு கேலி, கறுப்பா இருக்கவளக் கூப்பிட்டு வச்சு ஒரு கேலி. இதுக்கு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கீங்க."

"ஊரே சிரிக்குது. நான் சிரிச்சா ஆகாதோ?"

"ஊரா ஞாயித்துக்கிழம திருவிருந்துக்கு முழங்கால் போடுது?"

வாசலில் வந்து நின்ற குருவானவர் இருமிப் பார்த்தார். கிருபாபாயும் அவள் கணவர் ஐயாதுரையும் நேருக்கு நேர் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இருமல் எடுபடவில்லை. அவரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"வாங்கய்யா. உங்களத்தான் வரச் சொல்லி விட்டேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு. இந்த டிவி ராஜபாளையத்துல எவன் வீட்டுக்காவது போகணும். இல்லன்னா நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அக்கா பரிபூரணம் வீட்டுக்குப் போறேன். பை கட்டியாச்சு."

குருவானவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வீட்டிலும் கேபிள் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. பூவேலை செய்த துணி போர்த்தியிருந்த டிவியைப் பார்த்தபடி, "இத எப்ப வாங்குனீங்க, ஐயாதுரை?" என்று கேட்டார்.

ஐயாதுரை பேசாமல் நின்றார்.

"வெக்கம். அதான் பேச்சு வரல," என்றாள் கிருபாபாய். "நூல் மில்லுல பகலெல்லாம் மிஷினோட நின்னுட்டு வர்ற மனுசன், செத்த நேரம் சிரிக்கட்டும்னுதான் நானும் விட்டேன்."

"சிரிப்பு பாவமில்லம்மா. ஆண்டவரு கல்யாண வீட்டுக்குப் போனவருதானே, அங்க சிரிக்காமலா இருந்திருப்பாரு?" குருவானவர் ஐயாதுரையின் பக்கம் திரும்பினார். "ஆனா சிரிச்சு முடிச்ச பொறவு மனசுல என்ன தங்குதுன்னு பாக்கணும். தெருவுல போற ஒரு பொண்ணப் பாத்ததும் அந்த ஜோக்கு ஞாபகம் வந்துச்சுன்னா, அந்தச் சிரிப்பு நமக்கு வேண்டாம்."

"இவளுந்தான் சிரிக்கா," என்றார் ஐயாதுரை.

கிருபாபாயின் முகம் வாடிவிட்டது.

"ஆமாங்கய்யா. பொய் சொல்ல மாட்டேன். முந்தானைய வாயில வச்சு அமுக்கிப் பாப்பேன், முடியல. ஜோக்குக்காக இல்லய்யா. இவிய தோளு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறதப் பாத்தா எனக்கும் பொத்துக்கிட்டு வந்துருது. பிள்ளை இல்லாத வீடு. அந்த அரை மணி நேரந்தான் வீடு கலகலன்னு இருக்கு. அதான் பயமா இருக்கு. அசிங்கத்த வச்சுத்தானா நாங்க சந்தோசமா இருக்கணும்?"

குருவானவர் நாற்காலியை ஐயாதுரை பக்கம் இழுத்துப் போட்டார். "ஐயாதுரை, ஒண்ணு செய்வோம். நேத்து எதுக்குச் சிரிச்சீங்களோ, அத இப்ப எங்கிட்டச் சொல்லுங்க. சொல்லக் கூசுச்சுன்னா பெட்டிய வித்துருங்க. கூசலன்னா வச்சுக்கிடுங்க," என்றார்.

ஐயாதுரை மனைவியைப் பார்த்தார். "ஞாபகம் இல்லய்யா."

"முந்தாநாள் சிரிச்சது?"

"அதுவும் இல்ல."

"நாள் தவறாமச் சிரிச்சிட்டு ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல? ஐயாகிட்டயே பொய்யா?" கிருபாபாய் பையைத் தூக்கிக்கொண்டு நிலைப்படி வரை போய்விட்டாள்.

ஐயாதுரை ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார். பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"ரெண்டு காதும் போயி ரெண்டு வருசம் ஆச்சு, கிருபா. மில்லுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும், உனக்குத் தெரிஞ்சா நீ அழுவ. மில்லு இரைச்சல்ல உதட்டப் பாத்தே பேச்சப் புரிஞ்சுக்கிட்டுப் பழகுன ஆளுங்கிறதால யாருக்கும் தெரியல. பெட்டியில எவன் என்ன பேசுதான்னு நான் என்னத்தக் கண்டேன்? நீ சிரிக்கிறதப் பாத்துத்தான் தெனமும் நானும் சிரிக்கேன்."