புளியமரத்து வரலாறு

தான் குடியிருந்த புளியமரத்தைப் பற்றி மரங்கொத்தி ஒரு புத்தகம் போட்டது. வேரையெல்லாம் கரையான் அரித்துவிட்டது, பெருங்காற்று அடித்தால் மரம் தாங்காது என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தது. புத்தகம் சுடச்சுட விற்றுத் தீர்ந்ததும் மரங்கொத்திக்குத் தலைகால் புரியவில்லை.

“அருமையான புத்தகம்ணே!” என்றது அணில். “நடுவுல என் பொந்து வருதே, அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.”

“முதல் அத்தியாயம் படிச்சியா?”

“அது எதுக்குண்ணே? நம்ம மரம் நமக்குத் தெரியாததா?”

அதற்குள் மைனா மூக்கு விடைக்க வந்து நின்றது. “அணிலுக்கு நாலு வரி, எனக்கு ரெண்டு வரியா? எங்க பரம்பரை என்ன நேத்து வந்ததா?”

“அம்மா தாயே, மரமே விழப்போகுது!” என்று கத்தியது மரங்கொத்தி.

“பேச்சை மாத்தாதே!” என்றது மைனா.

அன்று சாயங்காலமே காற்று அடித்தது. மரம் வேரோடு சாய்ந்தது. பதறிப் பறந்துவந்த மரங்கொத்தியிடம், கிளைக்கு அடியிலிருந்து அணில் தலையை நீட்டியது.

“அண்ணே, அடுத்த பதிப்புல இதையும் சேர்ப்பீங்கல்ல? முதல்ல விழுந்தது நான்தான்னு போட்டுடுங்க.”

“பொய்!” என்று பாய்ந்து வந்தது மைனா. “முதல்ல விழுந்தது எங்க கூடு. அஞ்சு வரிக்குக் குறையக் கூடாது!”