கையெழுத்துக்கு முன் ஒரு பரிசோதனை

மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை அதே இடத்தில் மூன்றாவது முறையாக வைத்தார்.

அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். பிடிக்க வேண்டாம், சாதாரணமாக விட்டால் போதும் என்றார் அந்த அம்மாள்.

இருபத்திரண்டு வயது. ஆறடி பதினோரு அங்குலம். பரிசோதனை மேசையில் உட்கார்ந்தும் அவனுடைய இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றியிருந்தன. பக்கத்து அறையில் கிளப் மானேஜர் ஒப்பந்தத் தாள்களோடு காத்திருந்தார். நாட்டின் முதல் வரிசைக் கூடைப்பந்து அணி. இந்த அறையைத் தாண்டிவிட்டால் அவன் அதன் சென்டர், கூடையடியில் நின்று காக்கும் ஆட்டக்காரன்.

இவ்வளவு தூரம் வர ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் நெட்டைக்கொக்கு. மேலே மழை பெய்கிறதா என்று கேட்காத ஆள் கிடையாது. அழுதுகொண்டு வந்தவனை இழுத்துப்போய்க் கூடைக்குக் கீழே நிறுத்தியவள் அக்கா. அவளே ஆறடி இரண்டங்குலம். அந்தக் கேலியெல்லாம் அவனுக்கு ஏழு வருடம் முன்பே கேட்டு முடித்தவள். அப்பா போன பிறகு அம்மா இரண்டு வேலை பார்த்தாள். அவனை வளர்த்தது அக்காதான்.

முதல் வருடம் பந்து அவன் கையில் நிற்கவே இல்லை. தன் கால் தடுக்கித் தானே விழுந்தான். பிறகு இரண்டாம் வரிசை அணியொன்றில் சேர்ந்து மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தான். மூத்த சென்டருக்குக் கணுக்கால் பிசகிய அன்று, வேறு ஆள் இல்லாமல் அவனை இறக்கிவிட்டார்கள். எதிரணி கூடைக்கு எறிந்த பந்துகளை அந்தப் பருவம் முழுக்க அவன் கை தட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெரிய கிளப் கூப்பிட்டிருந்தது.

ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மற்றக் கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார் மருத்துவர். நகங்கள் ஒன்றின்மேல் ஒன்று தாராளமாக ஏறிக்கொண்டன. இந்த வித்தையைக் காட்டி நண்பர்களிடம் கைதட்டல் வாங்கியவன் அவன். சிரித்தபடியே செய்தான்.

அவர் சிரிக்கவில்லை. இதயத்தை ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனார்.

அரைமணி நேரம் கழித்து, மானேஜரையும் உட்கார வைத்துக்கொண்டு விளக்கினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் அடியில் வீங்கியிருக்கிறது, நைந்த சைக்கிள் டியூப் மாதிரி. பிறவியிலேயே வந்தது. அவன் உயரமும் நீளமான விரல்களும்கூட அதனோடு சேர்ந்து வந்தவைதான். ஓட்டத்திலோ மோதலிலோ ஒருநாள் அது கிழிந்துவிடலாம்.

"மாத்திரை தரேன். ஒழுங்கா பாத்துக்கிட்டா நூறு வயசு வரைக்கும் இருக்கலாம். ஆனா ஆட்டம் மட்டும் இனிமே வேண்டாம் தம்பி."

மானேஜர் தாள்களைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார்.

அவனுக்கு அழுகை வரவில்லை. தோற்ற ஆட்டத்தின் முடிவில் நடுவரிடம் போய்க் கைகொடுக்கும் பழக்கத்தில், எழுந்து மருத்துவரிடம் கையை நீட்டி நன்றி சொன்னான்.

அவர் அந்தக் கையை விடாமல், அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். முப்பத்தெட்டு வயதில், நின்ற இடத்திலேயே சரிந்தார், மாரடைப்பு என்றார்கள் என்றான்.

அப்பாவும் உயரமா? ஆமாம்.

வீட்டில் வேறு யாராவது உயரமா?

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் வெளியே ஓடப் பார்த்தான். ஓடாதே என்று அவர் அதட்டியது முதுகில் விழுந்தது.

நடைவழியில் நின்று போன் செய்தான். அக்காவுக்குக் கட்டட வேலையில் கிரேன் ஓட்டும் உத்தியோகம். அந்த நேரத்தில் அவள் இருபது மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்து ஆயிடுச்சாடா?"

"நீ முதல்ல கீழ இறங்கு அக்கா. அவசரப்படாம, மெதுவா இறங்கு."

தலைக்கவசத்தைக் கழற்றக்கூட மறந்து வந்தாள். உனக்குத்தானே பரிசோதனை, எனக்கெதற்கு என்று முனகிக்கொண்டே மேசையில் படுத்தாள்.

அவனுடைய ரத்தக்குழாயின் அகலம் நாலே முக்கால் சென்டிமீட்டர். அக்காவுடையது ஆறு. மருத்துவர் அந்த எண்ணை இரண்டாம் முறை சரிபார்த்துவிட்டு, அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்தார்.

மறுநாள் காலையிலேயே அக்காவுக்கு ஆபரேஷன், ஏழு மணி நேரம் நடந்தது. ஆபரேஷன் செய்துவிட்டு வெளியே வந்த டாக்டர், குழாயின் சுவர் காகிதமாக இருந்தது, பத்து நாள் தாங்கியிருந்தாலே அதிகம் என்றார்.

செய்தித்தாள்களில் அவனைப் பற்றி எழுதினார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஒருவர், அவன் ராசி அப்படி என்று இன்னொருவர். கிளப்பிலிருந்து வருத்தக் கடிதம் வந்தது. அவன் பதில் எழுதினான்: உங்கள் மருத்துவருக்கு நானும் என் குடும்பமும் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அவன் பெருந்தன்மையைப் பற்றி அங்கே வெகுநாள் பேசிக்கொண்டார்களாம்.

அக்கா வீடு திரும்பி மூன்றாம் வாரம், தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னாள். அவனுடைய பரிசோதனைக்கு முன்பே அவளுக்கு முதுகில், தோள்களுக்கு நடுவே, கிழிப்பது போல ஒரு வலி இருந்ததாம். கிரேன் இருக்கையால் வந்தது என்று நினைத்தாளாம். அவன் ஒப்பந்த வேலையாக அலைந்துகொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அவன் புது அணியில் முதல் ஆட்டம் ஆடி முடிக்கட்டும், அதற்கப்புறம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தாளாம்.

அவன் பரிசோதனைக்குப் போன அன்று, முதல் ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.