மாமாவுக்கு வந்த ஞானம்

மாமாவுக்கு ஞானம் வந்துவிட்டதாம். அக்கா போனில் சொன்னதும் தம்பிக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? எந்தத் தியான முகாம் நடந்தாலும் முதல் வரிசையில் பாய் விரித்து உட்காருகிறவன் அவன். வருஷக்கணக்காக உட்கார்ந்ததில் கால் மரத்துப் போனதுதான் மிச்சம். போன மாதம் "நானும் வரேன் மாப்ளே" என்று தொற்றிக்கொண்டு வந்த அக்கா வீட்டுக்காரர், முகாம் முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்கினார். அவருக்கு ஞானமாம்!

அதுவும் எப்பேர்ப்பட்ட மனிதர். சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை. பிரேமில் கண்ணாடியைப் பொருத்தித் திருகு போடுவது அக்காவின் வேலை. எள்ளைவிடச் சின்னத் திருகு. ஒன்று கீழே விழுந்தால் போதும், மாமா போடுகிற சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்கும். அக்காவும் லேசில் விடமாட்டாள், சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பாள். அவர்கள் குடும்பம் நடத்துவதே அப்படித்தான்.

இந்தப் போலி ஞானத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தம்பி கடைக்குக் கிளம்பினான்.

அக்கா ஒரு பிரேமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வலது கை நடுங்கியது. முழங்கை இடித்து, திருகு வைத்திருந்த கிண்ணமே கவிழ்ந்தது. தரையெல்லாம் திருகு.

தம்பி மாமாவின் வாயையே பார்த்தான்.

மாமா நிதானமாக எழுந்தார். சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டார்.

"விழுறது அதோட இயல்பு. எடுக்கிறது நம்ம இயல்பு" என்றார், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. கண்ணாடி வாங்க வந்திருந்த அம்மாள் அவரைப் பயபக்தியோடு பார்த்தாள். தம்பிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது போன் அடித்தது. மாமா அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தம்பி பூனை மாதிரிப் பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினான்.

"வலது கண்ணுக்கு இடது கண்ணு லென்ஸை வெட்டி அனுப்பியிருக்கியே, உனக்கு மொதல்ல கண்ணு தெரியுதாய்யா?" என்று மாமா போனில் காய்ச்சிக்கொண்டிருந்தார். பழைய மாமாவேதான்.

"மாட்டிக்கிட்டீங்களா? இருங்க, அக்காவைக் கூப்பிடறேன்."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவ கையைப் பார்த்தியா மாப்ளே? நரம்புல கோளாறாம். போகப்போக நடுக்கம் கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொல்லிட்டார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்க அக்கா உத்தரவு."

தம்பிக்கு அது புதுச் செய்தி.

"ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது சொன்னா. 'பாவம்னு பார்த்து நீங்க திட்டறதை நிறுத்தினா, அன்னைக்கே நான் கடைக்கு வர்றதை நிறுத்திடுவேன்'னு. வேலையை விட்டுட்டு வீட்ல உட்கார்ந்தா அவ ஒடிஞ்சு போயிடுவா. ஆனா அந்தக் கையைப் பார்த்துட்டு எனக்கு எப்படித் திட்ட வாய் வரும்? திட்டாததுக்கு ஒரு காரணம் வேணும்ல. அதான் உன் முகாமுக்கு வந்தேன்."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி அவர் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தான்.

அக்கா தலை நிமிராமலே கேட்டாள். "இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன் நீ. நீயே சொல்லு, உங்க மாமாவுக்கு வந்தது நிஜ ஞானமா?"

"நிஜம்தான்க்கா. நான் பார்த்ததிலேயே இவர் ஒருத்தருக்குத்தான் வந்திருக்கு."

பொய் சொன்னதாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்ப சரி. நாளைக்கும் கடைக்கு வரேன்" என்றாள் அக்கா. இன்னொரு திருகை இடுக்கியில் பிடித்தாள். கை நடுங்கியது, திருகு உருண்டது. திரும்பவும் பிடித்தாள். இந்த முறை பொருந்திவிட்டது.

பிறகு உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கதவு சரியாச் சாத்தாதுடா. போன்ல கத்தறப்ப கொஞ்சம் மெதுவாக் கத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. பாவம், எனக்காக அவ்வளவு பாடுபடறார்."