படத்தில் மழை இல்லை

"இறங்காத சசி! நான் சொல்லுதேன்லா, வீட்டை விட்டு இறங்காத!"

ஒரகடம் தொழிற்சாலை கேன்டீனில் மாரிசெல்வத்தின் டீ ஆறிக்கொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதே போனில் மழை ரேடார் படத்தைப் பார்த்தபடி பேசினான்.

ஊர், தென்காசிப் பக்கம், இரண்டு மலைகளுக்கு நடுவே. ஓடைக்கரையில் ஓட்டு வீடு. அங்கே மனைவி சசிகலா, இருபது நாள் கைக்குழந்தை, அம்மா உலகம்மாள்.

"எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருங்கன்னு விஏஓ சொல்லிட்டுப் போறாருங்க. ராத்திரியிலேருந்து பேயுது."

"அது வெறும் தூறல். மலையில பெஞ்சாத்தான் ஓடை பொங்கும். ரேடார்ல மலை மேல ஒரு துளி மழை இல்ல. பச்சப்பிள்ளைய நனைச்சுத் தூக்கிட்டுப் போயி காய்ச்சல் வந்தா என்ன செய்வ?"

உலகம்மாள் போனைப் பிடுங்கினாள். "ஏலே, தண்ணி செம்மண்ணா வருதுலே, மலையில பேயுதுன்னுதான அர்த்தம். நாப்பது வருசமா இந்த ஓடையைப் பாக்கேன், எனக்குத் தெரியாதா?"

"இது கவர்மென்ட் மிஷின்ம்மா. ஆயுசுல ஒரு தடவையாவது நான் சொல்லுததக் கேட்டிருக்கியா?"

அதைக் கேட்டுவிட்டு உலகம்மாள் போனைச் சசிகலா கையில் கொடுத்தாள். அப்பா சொல்லையே கேட்காதவள் அம்மா, மகன் சொல்லையா கேட்கப் போகிறாள்! சசியையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளே என்றுதான் அவனுக்குக் கவலை.

"சசி, போக மாட்டேன்னு பிள்ளை மேல சத்தியம் பண்ணு."

அவள் தயங்கித் தயங்கிச் சத்தியம் செய்தாள்.

"இன்னா மாரி, ஊர்ல மழையா?" என்றபடி எதிரே வந்து உட்கார்ந்தாள் ஷெர்லின். பக்கத்து மண்ணூர்க்காரி, அவன் லைனில் உதிரிபாகங்களைச் சோதிக்கும் கேமராவுக்குப் பொறுப்பான இன்ஜினியர்.

பெருமையாகப் படத்தைக் காட்டினான். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உங்க ஊரு மலைக்குப் பின்னால கீது, ரேடார் இந்தாண்ட கீது. குறுக்க மலை நின்னுகினு இருந்தா அது எப்டிப்பா பாக்கும்?"

"படம் சுத்தமா இருக்கே அக்கா?"

"நம்ம கேமராவும்தான் முன்பக்கத்தப் பாத்துட்டு ஓகேன்னு காட்டுது. பின்பக்க விரிசல் அதுக்குத் தெரியாதுன்னுதானே உன்ன நிக்க வெச்சு, கையால திருப்பிப் பாக்கச் சொல்றோம்? படத்துல மழை இல்லன்னா, அங்க மழை இல்லன்னு அர்த்தமில்ல. அதுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

அவன் தன் கையையே பார்த்தான். நாலு வருஷமாகத் தினமும் ஆயிரம் தடவை திருப்பிப் பார்க்கிற கை! இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லையே!

போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். அம்மா நம்பரும் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி, மறுபடி. சூப்பர்வைசர் வந்து கத்திவிட்டுப் போனார். யார் காதில் விழுந்தது?

மத்தியானம் கேன்டீன் டிவியில் அவன் ஊர்ப் பெயர் ஓடியது. காட்டாற்று வெள்ளமாம். "போகணும்னு நின்னவள சத்தியம் வாங்கி உக்கார வெச்சேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஷெர்லின் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மூன்று மணிக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு.

"என்னங்க..." சசிகலாதான்!

"சசி! பிள்ளை?"

"மடியிலதான் இருக்கா. ஸ்கூல்ல இருக்கோம். பயமா இருந்துச்சு, சத்தியத்த மீறிட்டேங்க. மன்னிச்சிருங்க."

"நீ மீறுனதாலதான் எனக்கு உசுரு வந்துச்சு தாயி! அம்மாட்ட குடு. இந்த முட்டாப்பயல நல்லா நாலு வசவு வையட்டும்."

சசிகலா விம்மினாள்.

"அத்தை கையப் பிடிச்சு இழுத்தேங்க. 'இந்த ஒரு தடவையாவது எம்மவன் சொல்லுததக் கேக்கேன், நீ பிள்ளையத் தூக்கிட்டுப் போ'ன்னு வீட்டுலயே இருந்துட்டாங்க. இப்ப அங்க வீடே இல்லைங்க."