நீலப் பூச்செடிக்கு வேலி

உலகத் தாவரவியல் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: எங்கள் மலையடிவாரப் பூங்காவின் காட்டுச்செடிகள் அனைத்தும் பட்டியலிடப்பட்டுவிட்டன. பூங்காவின் சரிவில் கார் நிறுத்துமிடம் வரவிருந்தது. அபூர்வமாக ஏதாவது இருந்தால்தான் அதைத் தடுக்க முடியும் என்று முழங்கால் தேயத் தேடிய ஆய்வாளர் பூரணி, பாறை இடுக்கில் ஒரு நீலப் பூச்செடியைக் கண்டாள். வேறெங்கும் அது இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“போட்டோ எல்லாம் செல்லாதும்மா,” என்றார் பட்டியல் கமிட்டித் தலைவர் ஞானசிகாமணி. “வேரோட பிடுங்கி, பேப்பர்ல அழுத்திக் காயவச்சுக் கொண்டாங்க. அப்பதான் செடி இருக்குன்னு அர்த்தம்.”

“சார், ஒண்ணுதான் இருக்கு.”

“ஒண்ணு போதும்மா. நாங்க என்ன கூட்டா வைக்கப்போறோம்?”

பூரணி பிடுங்கினாள். வேர் மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது.

செடி பட்டியலில் ஏறியது. கார் நிறுத்துமிடம் ரத்தானது. சரிவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, பித்தளைப் பலகை மாட்டி, காவலுக்கும் ஆள் வைத்தார்கள். மழை பெய்ததும், மிச்ச வேரிலிருந்து ஏதாவது துளிர்த்திருக்குமோ என்று பூரணி போனாள்.

“உள்ள போகக்கூடாதும்மா,” என்று மறித்தார் காவலாளி. “அபூர்வச் செடி இருக்கு. மிதிச்சிருவீங்க.”

வேலிக்குள் பாறை மட்டும் இருந்தது.