கடலுக்குள் போன நோர்பரி

“லண்டனிலை இருக்கிற நோர்பரி முழுக்கக் கடலுக்குள்ளையோ?”

தவநாயகி அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். செவ்வாய்க்கிழமை பிடுங்கிய பல்லின் குழி இன்னும் விண்விண்ணென்று வலித்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

“ஓம்.” பாலேந்திரா சப்பாத்தைக் கழற்றினார். “தண்ணிக்குழாய் வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்கு மாத்தேக்கை, இடங்குறிக்க எந்த நாட்டு ஆள்கூற்று முறை எண்டு முதல்லை தெரிவு செய்யவேணும். பிரிட்டனுக்குப் பதிலா இலங்கையை அமத்தியாச்சு. குழாயெல்லாம் மட்டக்களப்புக்கு அங்காலை, நடுக்கடலிலை நிக்குது.”

“ஆர் செய்தது?”

“நான்தான்.”

“அப்ப உங்களுக்குத் தாறமெண்ட சுப்பர்வைசர் வேலை?”

“என்னோடை வேலை செய்யிற வாசுதேவனுக்குக் குடுத்திட்டினம்.”

அந்த வேலை கணவருக்குக் கிடைத்தால் தன்னுடைய விடியற்காலைத் துப்புரவு ஷிப்டை விட்டுவிடலாம் என்று இருந்தவள் தவநாயகி.

“எண்பத்திமூண்டிலை வந்து இந்தக் குளிரிலை விறைச்சும், கை இன்னும் இலங்கையைத்தான் தேடுதோ? யாழ்ப்பாணத்திலை சர்வேயராய்க் கிழிச்ச நினைப்பு!”

பாலேந்திரா கைகழுவி வந்து சோற்றைப் பிசைந்தார்.

எதிரே தவநாயகியின் தங்கை சுலோச்சனா தலை நிமிரவேயில்லை. அவர் இருந்த அதே யாழ்ப்பாண நில அளவைக் கந்தோரில் வரைபடம் கீறியவள். போன மாரியில்தான் லண்டனுக்கு வந்தாள். அத்தான் கெஞ்சிக் கூத்தாடித் தன் கம்பனியிலேயே சேர்த்துவிட்டிருந்தார். அவளின் வேலை நிரந்தரமாவதும் இல்லாமல் போவதும் இந்தக் கிழமைதான் தெரியும்.

“இவளைப் பாருங்கோ. நேற்று வந்தவள். ஒரு பிழை விட்டவளே? உங்களைவிட எவ்வளவு திறம்!”

“ஓம், திறம்தான். குழம்பு கொஞ்சம் விடும்.”

“விடுறன். நான் கோப்பைக்குள்ளைதான் விடுவன். நீங்களெண்டால் கடலுக்கை விட்டிருப்பியள்.”

சுலோச்சனா விம்மினாள்.

“நீ ஏனடி அழுகிறாய்? பதவி போனது அவருக்கு.”

“சுலோ, பேசாமல் சாப்பிடும்,” என்றார் பாலேந்திரா.

“ஏலாது அத்தான்.” அவள் கையை உதறினாள். “அந்தப் படம் மாத்தினது செவ்வாய்க்கிழமை, அக்கா. திங்கட்கிழமையே தான்தான் இலங்கையை அமத்தி வைச்சதெண்டு அத்தான் கம்பனிப் பெரியவரிட்டைப் பொய் சொல்லிட்டார்.”

“பொய்யோ? ஏன்?”

“செவ்வாய்க்கிழமை அத்தான்ரை கதிரையிலை இருந்தது நான். அத்தான் அண்டைக்கு முழுக்க உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு, பல் டொக்டரிட்டை எல்லோ இருந்தவர்!”